பழைய ரேடியோ கேள்வி–பதில்: வால்வின் முதல் எழுத்தைப் பாருங்கள்

(வால்வு ரேடியோ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திருநெல்வேலி டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: தாத்தாவின் பிலிப்ஸ் ரேடியோ பரணில் கிடந்தது. பின்பக்க அட்டையைக் கழற்றினால் ஆறு கண்ணாடிக் குழல்கள். ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80, ஈஎம்80 என்று எழுதியிருக்கிறது. ஆறுமே 'ஈ'யில் தொடங்குகிறதே, ஏன்?
— வாசகர், தேவகோட்டை

பதில்: ரேடியோ வால்வு என்பது என்ன? உள்ளே ஓர் அடுப்பு. அந்தச் சூட்டில் கிளம்பும் எலெக்ட்ரான்களைப் பிடிக்க ஒரு தகடு. நடுவே, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்றோ சிலவோ கம்பி வலை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய கண்ணாடி. அவ்வளவுதான்.

உங்கள் வால்வுகளின் முதல் எழுத்து அந்த அடுப்பைச் சொல்கிறது. 1934-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த பெயர் வைக்கும் முறை இது. இங்கிலாந்தில் மல்லார்ட், ஜெர்மனியில் வால்வோ எல்லாம் அதையே பின்பற்றின. 'ஈ' என்றால் 6.3 வோல்ட். 'ஏ' என்றால் 4 வோல்ட், 'கே' 2 வோல்ட், 'டி' 1.4 வோல்ட். 'யூ' கொஞ்சம் வேறு ஆள். வோல்ட்டைச் சொல்லாது, 100 மில்லி ஆம்பியர் என்று கரண்டைச் சொல்லும். அதை அப்புறம் பார்ப்போம்.

அடுத்து வரும் எழுத்துகள் கண்ணாடிக்குள் என்ன வேலை நடக்கிறது என்று சொல்கின்றன. 'சி' ஒரு வலை உள்ள டிரையோடு, 'எஃப்' மூன்று வலை உள்ள பென்டோடு, 'எச்' பல வலை உள்ள மிக்ஸர், 'பி' இரட்டை டையோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு, 'இசட்' ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், 'எம்' ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் பச்சைக் கண். ஆக ஈசிஎச்81 என்றால் 6.3 வோல்ட் அடுப்பு, ஒரே கண்ணாடிக்குள் ஒரு டிரையோடும் ஒரு மிக்ஸரும். கடைசி எண்ணில் உள்ள 8 காலைச் சொல்கிறது, ஒன்பது பின் உள்ள நோவல் பேஸ். 3 என்றிருந்தால் எட்டுக் கால் ஆக்டல், 4 என்றால் ரிம்லாக், 9 என்றால் ஏழு கால் மினியேச்சர்.

உங்கள் செட்டின் ஆறு அடுப்புகளும் சேர்ந்து சுமார் 2.4 ஆம்பியர் எடுக்கும். 6.3-ஆல் பெருக்கினால் 15 வாட். பாட்டு வருவதற்கு முன்னாலேயே வெறும் சூட்டுக்காகப் போகிற கரண்ட் இது. வால்வுகளின் சரித்திரம் முழுக்க இந்தச் செலவை யார் கொடுப்பது என்ற தகராறுதான் என்பது என் கட்சி. மிச்சக் கேள்விகளுக்கும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக் கரண்டில் ஓடும் ரேடியோ வருவதற்கு முன்னால் வால்வுகளை எப்படிச் சூடாக்கினார்கள்?
— பொறியியல் மாணவி, கோவை

பதில்: பேட்டரிதான் அம்மா. ஒன்று இல்லை, மூன்று. அமெரிக்காவில் 1920-களின் தொடக்கத்தில் ஒரு ரேடியோ வாங்கினால், பிலமென்டை, அதாவது அடுப்புக் கம்பியை, சூடாக்க ஏ பேட்டரி, தகட்டுக்கு 90 வோல்ட் வாக்கில் கொடுக்க பி பேட்டரி, வலைக்குச் சின்னதாக ஒரு சி பேட்டரி. இந்த ஏ பேட்டரி வேறொன்றுமில்லை, கார் பேட்டரி மாதிரியே ஆசிட் ஊற்றிய 6 வோல்ட் ஈய பேட்டரி. வரவேற்பறையில் ரேடியோ மேஜைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். ஆசிட் சிந்திக் கம்பளம் ஓட்டையான வீடுகள் ஏராளம்.

1920-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி விற்ற யூவி-201 என்ற வால்வு 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் தின்றது. அதன் பிலமென்ட் வெறும் டங்ஸ்டன் கம்பி. எலெக்ட்ரான் கிளம்ப வேண்டுமானால் அது 2,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெள்ளையாகப் பழுக்க வேண்டும். ஐந்து வால்வு செட் என்றால் ஐந்து ஆம்பியர். பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? தூக்கிக்கொண்டு சார்ஜ் போடும் கடைக்கு ஓட வேண்டியதுதான்.

1923 வாக்கில் 201ஏ வந்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கரண்ட் ஒரு ஆம்பியரிலிருந்து கால் ஆம்பியராக இறங்கிவிட்டது. டங்ஸ்டனோடு துளி தோரியம் சேர்த்ததுதான் ரகசியம். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இர்விங் லாங்மியூரும் அவருடைய ஆட்களும் கண்டுபிடித்த சங்கதி. தோரியம் மெல்ல வெளியே வந்து கம்பியின் மேல் ஓர் அணு அளவுக்குப் படிந்துகொள்ளும். அது இருந்தால் 1,700 டிகிரியே போதும். நான்கு வால்வுக்கு ஆகிற பேட்டரிச் செலவு ஒரு வால்வின் செலவாகக் குறைந்தது. ரேடியோ பரவியதற்கு ஒலிபரப்பு நிலையங்கள் காரணம் என்பார்கள். இருக்கட்டும். இந்த முக்கால் ஆம்பியருக்கும் அதில் பங்கு உண்டு.

தோரியம் என்றதும் எங்கள் பக்கத்து ஆள் சும்மா இருக்க முடியாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் தாது இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுகொண்டார். கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. பிரேசில் கடற்கரையும் திருவிதாங்கூர் கடற்கரையும்தான் அன்றைய உலகத்துக்கு முக்கியமாகக் கொடுத்தன.

201ஏவில் இன்னொரு வேடிக்கை. பல வருஷம் ஓடிச் சோர்ந்துபோனால் தூக்கிப் போட வேண்டாம். பி பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிலமென்டுக்கு மட்டும் சில விநாடி அளவுக்கு மீறிய வோல்ட்டும் அப்புறம் சில நிமிஷம் அதைவிடக் குறைவாகவும் கொடுத்தால், உள்ளே மிச்சம் இருக்கும் தோரியம் மேலே வந்து வால்வு மறுபடி பாடும். அமெரிக்காவில் இதற்கென்றே தனி எந்திரம் வைத்திருந்த கடைகள் இருந்தன.

ஆசிட் பேட்டரியே வேண்டாம் என்றவர்களுக்காக டபிள்யூடி-11 என்ற வால்வும் யூவி-199 என்ற வால்வும் வந்தன. முன்னது 1.1 வோல்ட், கால் ஆம்பியர், ஒரே ஒரு உலர் செல்லில் ஓடும். பின்னது 3.3 வோல்ட், வெறும் 60 மில்லி ஆம்பியர், மூன்று செல் போதும். அந்தக் கால ரேடியோக்களின் முகப்பில் ஸ்டேஷன் குமிழோடு பிலமென்ட் குமிழும் இருக்கும். பேட்டரி புதிதாக இருக்கும்போது குறைத்து வைத்து, இறங்க இறங்கத் திருகிக் கூட்டுவது வழக்கம். ஆசைப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் வால்வு போச்சு.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் 1915-லிருந்து டிஎம் என்ற வால்வைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் அதையே ஆர் வால்வு என்றார்கள். 4 வோல்ட், 0.7 ஆம்பியர். இரண்டு ஈய செல்லுக்கு 4 வோல்ட்தானே? பிலிப்ஸின் பேட்டரி வால்வுகளிலும் பின்னால் வந்த ஐரோப்பிய ஏசி வால்வுகளிலும் அதே 4 வோல்ட் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி: கரண்ட் வந்த வீட்டில் பேட்டரிக்குப் பதிலாக நேராக ஏசியை பிலமென்டுக்குக் கொடுத்திருக்கலாமே? 6.3 என்ற அரைகுறை எண் எங்கிருந்து வந்தது?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மன்னார்குடி

பதில்: கொடுத்துப் பார்த்தார்கள் ஐயா. 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ஏசி விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது, அமெரிக்காவில் 60. மெல்லிய பிலமென்ட் அதற்கேற்பச் சூடாகி ஆறும். போதாக்குறைக்கு, கம்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வோல்ட் வித்தியாசம் வேறு. எல்லாம் சேர்ந்து ஸ்பீக்கரில் ஹம்மாக வரும்.

1927-ல் ஆர்சிஏ இரண்டு வழி செய்தது. ஒன்று 226 என்ற வால்வு. பிலமென்டைப் பருமனாக்கி 1.5 வோல்ட், 1.05 ஆம்பியர் என்று வைத்தார்கள். பருமனான கம்பி சட்டென்று ஆறாது, வோல்ட்டும் குறைவு. சிக்னலைப் பெருக்கும் இடங்களுக்கு இது போதும், அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டருக்குப் போதவில்லை. அதற்காக வந்தது 227. இதில் சூடாக்கும் கம்பி தனி, எலெக்ட்ரான் விடும் கேத்தோடு தனி. மெல்லிய நிக்கல் குழாய்க்கு வெளியே ஆக்ஸைடு பூசி, உள்ளே ஹீட்டரை நுழைத்துவிட்டார்கள். ஹீட்டரில் என்ன ஆட்டம் நடந்தாலும் குழாய்க்குத் தெரியாது. 700, 800 டிகிரிச் செம்மையே போதும். 2.5 வோல்ட், 1.75 ஆம்பியர், ஐந்து கால். வால்வு ரேடியோவைப் போட்டுவிட்டு அரை நிமிஷம் காத்திருக்கிறோமே, அது இந்த நிக்கல் குழாய் சூடாகும் நேரம்.

அப்போது அமெரிக்க ஏசி செட்டுகளுக்கு 2.5 வோல்ட், ஐரோப்பாவுக்கு 4. இந்த நேரத்தில் அமெரிக்கர்களுக்குக் காரில் பாட்டுக் கேட்கிற ஆசை வந்துவிட்டது. அன்றைய கார் பேட்டரியில் மூன்று ஈய செல். ஒவ்வொன்றும் நல்ல நிலையில் 2.1 வோல்ட். மூன்றையும் கூட்டினால் 6.3. அதற்காகவே 1931-ல் 36, 37, 38 என்று வால்வுகள் வந்தன. கார் ஓடும்போது வோல்ட் ஏறும், நிற்கும்போது இறங்கும், சாலையில் குலுங்கும், எல்லாவற்றையும் தாங்க வேண்டும். தாங்கியது. அப்புறம் காருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வகை எதற்கு என்று வீட்டு ரேடியோவுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். 1935-ல் இரும்புக் கூட்டோடு வந்த மெட்டல் வால்வுகளில் ரெக்டிஃபையர் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை 6.3. பிலிப்ஸும் 'ஏ' வரிசையை விட்டு 'ஈ' வரிசைக்கு மாறியது. தேவகோட்டைக்காரர் வீட்டுப் பரணில் இருக்கும் ரேடியோ ஒருநாளும் கார் பார்த்திருக்காது. ஆனால் அதன் 6.3 வோல்ட் அமெரிக்கக் கார் பேட்டரியிலிருந்து வந்தது.

கேள்வி: வால்வைத் துடைத்தேன். எழுத்து அழிந்துவிட்டது. என்ன வால்வு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், விருதுநகர்

பதில்: இனிமேல் துடைக்காதீர்கள். கண்ணாடி மேல் வாயை வைத்து 'ஹா' என்று ஊதுங்கள். ஈரம் படியும்போது மை இருந்த இடம் மட்டும் வேறு மாதிரித் தெரியும், சாய்த்துப் பிடித்துப் படித்துவிடலாம். அதுவும் தெரியாவிட்டால் சில நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க வால்வுகளில் 6வி6, 12எஸ்கே7, 50எல்6 என்று எண் முதலில் வருகிறது. இதுவும் அடுப்புதானா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: அதேதான். 1933-லிருந்து அங்கே வைத்துக்கொண்ட முறை. முதல் எண் ஹீட்டர் வோல்ட், கடைசி எண் உள்ளே எத்தனை உறுப்பு என்ற கணக்கு, நடு எழுத்து வரிசைப்படி வைத்தது. 6 என்றால் 6.3, 12 என்றால் 12.6.

அதற்கு முன்னால் ஒரே குழப்பம். ஆர்சிஏ 201ஏ என்று விற்ற வால்வையே கன்னிங்ஹாம் கம்பெனி 301ஏ என்று விற்றது. கடைக்காரர்கள் முதல் எண்ணைத் தள்ளிவிட்டு 01ஏ, 26, 27, 80 என்று கடைசி எண்களை மட்டும் சொல்லப் பழகினார்கள். பின்னால் கம்பெனிகளும் அப்படியே அச்சடித்தன. இந்த 80 இருக்கிறதே, 1927-ல் வந்த 280 ரெக்டிஃபையர். காலை மட்டும் ஆக்டலுக்கு மாற்றி 5ஒய்3 என்று பெயர் சூட்டி, அதே சரக்கை ரொம்ப நாள் ஓட்டினார்கள். கிதார் ஆம்ப்ளிஃபையர்களில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: என் செட்டில் யூசிஎச்81 போய்விட்டது. கடையில் ஈசிஎச்81 கிடைக்கிறது. மாற்றிப் போடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் வலையும் தகடும் ஒன்றுதான், காலும் ஒன்றுதான். அடுப்பு வேறு. ஈசிஎச்81 என்றால் 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர். யூசிஎச்81 என்றால் 19 வோல்ட், 0.1 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 1.9 வாட். அதே சூட்டை இரண்டு விதமாக வாங்குகிறார்கள்.

'ஈ' வால்வுகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் 6.3 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. எல்லா ஹீட்டரும் பக்கம் பக்கமாக இணைந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் செம்பு, இரும்பு, காசு. அது இல்லாமல் மலிவாகச் செய்ய ஒரு வழி கண்டார்கள். எல்லா ஹீட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே மெயின்ஸில், அதாவது வீட்டுக் கரண்டில், மாட்டிவிடுவது. அமெரிக்காவில் 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்கியூ7, 50எல்6, 35இசட்5 என்ற ஐந்து வால்வைக் கூட்டிப் பாருங்கள், 122.8 வோல்ட். அவர்கள் வீட்டு மெயின்ஸ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணக்கு போட்டுச் செய்த வால்வு வரிசை. கோடிக்கணக்கில் விற்ற செட் இந்த வகை.

நமக்கு 230. ரிம்லாக் யூ வரிசையில் யூசிஎச்42, யூஎஃப்41, யூபிசி41, யூஎல்41, யூஒய்41 ஐந்தும் சேர்ந்து 116.6 வோல்ட். மீதி 113 வோல்ட்டை என்ன செய்வது? டிராப்பர் என்ற பீங்கான் ரெசிஸ்டரில் எரித்துத் தீர்க்க வேண்டும். 1,100 ஓம் சொச்சம், 11 வாட் சூடு. பழைய ஏசி–டிசி செட்டில் அட்டை ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் அதற்குப் பின்னால் டிராப்பர் இருக்கும்.

அமெரிக்காவில் 1930-களில் இன்னும் ஒரு படி போனார்கள். வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் கம்பியைப் பவர் கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கார்டு வெதுவெதுப்பாக இருக்கும். நீளமாக இருக்கிறதே என்று யாராவது பாதியை வெட்டினால், வெட்டியவரின் வால்வுகள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. யூ வரிசை செட்டில் மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸில், அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் உலோகச் சட்டத்தில், தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கை மாற்றிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழ் ஸ்க்ரூவுக்கு மேல் மெழுகு அடைத்திருப்பார்கள், விரல் படக்கூடாது என்று. அந்த மெழுகைச் சுரண்டாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் அட்டையைக் கழற்றவே வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க ரேடியோவில் எட்டு, பத்து வால்வு இருக்கிறது. அதே மாதிரி பாடும் ஐரோப்பிய ரேடியோவில் நாலைந்துதான். தரம் குறைவா?
— வாசகர், கொழும்பு

பதில்: தரம் இல்லை, பணம். இங்கிலாந்தில் 1920-களில் ரேடியோ செய்கிற கம்பெனி மார்க்கோனி கம்பெனிக்குக் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டும். ஒரு வால்வு சாக்கெட்டுக்குப் பன்னிரண்டரை ஷில்லிங். ஐந்து சாக்கெட் என்றால் மூன்று பவுண்டைத் தாண்டிவிடும். சாக்கெட்டை எண்ணித்தானே வாங்குகிறான், கண்ணாடிக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லையே என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் லோவே கம்பெனி. 1926-ல் 3என்எஃப் என்று ஒரு வால்வு. ஒரே கண்ணாடிக்குள் மூன்று டிரையோடு, நான்கு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர். ரெசிஸ்டரும் கண்டென்சரும் வெற்றிடத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவற்றைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் மூடி உள்ளே வைத்தார்கள். காயிலும் பேட்டரியும் சேர்த்தால் ரேடியோ தயார். பல பாகங்களை ஒரே சில்லுக்குள் வைத்து ஐசி என்கிறோமே, அதன் பெரியப்பா என்று சொல்லலாம். ஒரே குறை, உள்ளே ஒரு பிலமென்ட் போனால் ரேடியோவே போன மாதிரி.

1938-ல் நாஜி அரசு எல்லா வீட்டிலும் தன் பேச்சு கேட்க வேண்டும் என்று 35 மார்க்குக்கு ஒரு ரேடியோ விட்டது, டிகேஇ38. அதில் இரண்டே கண்ணாடி, விசிஎல்11, விஒய்2. 'வி' என்றால் 50 மில்லி ஆம்பியர். விசிஎல்11-இன் ஹீட்டர் மட்டும் 90 வோல்ட். கொடுமையான காரியத்துக்குச் செய்தது என்றாலும் சிக்கனத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். பத்து டியூப் ரேடியோ, பன்னிரண்டு டியூப் ரேடியோ என்று எண்ணிக்கையைச் சொல்லித்தான் விளம்பரமே. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, வெறுமனே எரிந்துகொண்டிருக்கும் டம்மி வால்வைச் சொருகி விற்ற கம்பெனிகளும் உண்டு.

கேள்வி: கரண்ட் இல்லாத கிராமத்தில் எங்கள் அப்பா பேட்டரி ரேடியோ வைத்திருந்தார். டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 என்று நான்கு வால்வு. எரிகிறதா இல்லையா என்றே தெரியாதே?
— வாசகி, உடன்குடி

பதில்: தெரியாதுதான். 'டி' வரிசை, 1.4 வோல்ட். டார்ச் செல் 1.5 வோல்ட், கொஞ்சம் இறங்கினாலும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த எண். இந்த வகை ஏழு கால் மினியேச்சரை அமெரிக்காவில் 1ஆர்5, 1டி4, 1எஸ்5 என்று 1940 வாக்கில் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அவற்றுக்கு டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91 என்று பெயர். ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியர். 96 வரிசை வந்தபோது அது 25 ஆனது. நான்கு வால்வும் சேர்ந்தே 125 மில்லி ஆம்பியர். ஐந்து ஆம்பியரில் தொடங்கிய கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நான் வேலை பழகின கடையில் இந்த வால்வைச் சோதிக்கும்போது விளக்கை அணைத்துவிடுவார்கள். உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய கம்பி மங்கலான சிவப்பாகத் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. மீட்டர்தான் கதி.

இந்த செட்டுகளுக்கு எமன் 90 வோல்ட் பேட்டரி. அவசரத்தில் யாராவது கம்பியை மாற்றித் தொட்டால் 1.4 வோல்ட் பிலமென்டில் 90 வோல்ட் பாயும். நான்கும் ஒரே நொடியில் காலி, சத்தம்கூட வராது. உங்கள் கடற்கரைப் பக்கம் இலங்கை வானொலி கேட்பதற்காகவே இந்த செட்டைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்பா பேட்டரிப் பக்கம் யாரையும் விடாமல் இருந்திருப்பார், சரிதானே?

கேள்வி: கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியது போல் இருக்கிறதே, அது எதற்கு?
— எட்டாம் வகுப்பு மாணவன், சிவகாசி

பதில்: வால்வை மூடிய பிறகும் உள்ளே துளித் துளி காற்று மிச்சம் இருக்கும் தம்பி. அதைத் தின்பதற்காக பேரியத்தை உள்ளேயே ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய விடுகிறார்கள். அது கெட்டர். வெள்ளியாகவோ கொஞ்சம் பழுப்பாகவோ இருந்தால் வால்வு நலம். பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: பச்சைக் கண் மட்டும் ஏன் முதலில் மங்குகிறது?
— வாசகர், ஆம்பூர்

பதில்: எலெக்ட்ரான் அடித்து அடித்து அந்தப் பச்சைப் பூச்சு களைத்துவிடுகிறது. 1935-ல் ஆர்சிஏ 6ஈ5 என்று முதலில் விட்டதிலிருந்தே இந்த நோய் உண்டு. ரேடியோ பாடுவதற்கு அது தேவையில்லை, பார்க்கத்தான் ஆசையாக இருக்கும்.

கேள்வி: இந்தியாவில் வால்வு செய்தார்களா?
— வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் பக்கத்து ஊரிலேயே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. கடைகளில் 'பெல் வால்வு' என்று கேட்டு வாங்குவோம். நல்ல சரக்கு. என் மேஜை டிராயரில் இன்னும் சில இருக்கின்றன, விலைக்கு இல்லை.

கேள்வி: டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒழிந்தது?
— வாசகர், மதுரை

பதில்: அடுப்பு இல்லை. 1954-ல் வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜென்சி டிஆர்-1-இல் நான்கு டிரான்சிஸ்டர், ஒரே ஒரு 22.5 வோல்ட் பேட்டரி. அந்த 22.5, பழைய பி பேட்டரிக்காக வரிசையாகச் சேர்த்த துண்டு ஒன்றின் அளவு என்பதைக் கவனியுங்கள். பி இருந்தது, ஏ செத்தது.

கேள்வி: வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாட்டு இனிமை என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்களே, உண்மையா?
— வாசகர், சென்னை

பதில்: ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றைக்கும் ஈஎல்34, ஈஎல்84 செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால் வாங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். என் காதுக்கு நல்ல ஸ்பீக்கர் முக்கியம். மீதியைப் பணம் போட்டவர்களிடம் கேளுங்கள், போட்ட பிறகு யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: (மறுபடியும் தேவகோட்டை வாசகர்) சரி, அந்த ரேடியோவை நான் பிளக்கில் சொருகலாமா?

பதில்: அப்படியே சொருகாதீர்கள். முதலில் பின்பக்கம் வோல்ட்டேஜ் மாற்றும் தட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள், 110-இல் நின்றால் உங்கள் வீட்டுக் கரண்ட் அதைக் கொன்றுவிடும். அப்புறம் வால்வுகளை எடுத்து மீட்டரில் சோதியுங்கள். உங்கள் ஆறு வால்வுக்கும் ஹீட்டர் நான்காம் காலும் ஐந்தாம் காலும்தான். சில ஓம் காட்டினால் நலம், ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

அடுத்தது ஈஎல்84-இன் இரண்டாம் காலுக்கு வரும் பேப்பர் கண்டென்சர். அது கசியாமல் இருந்து நான் பார்த்ததே அபூர்வம். கசிந்தால் வலைக்குப் பாசிட்டிவ் போய், தகடு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். அதே அளவில் 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் போட்டுவிடுங்கள், சில ரூபாய்தான். பெரிய ஃபில்டர் கண்டென்சர் உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அதன் பிறகு முதல் தடவை ஒரு 60 வாட் பல்பைத் தொடரில் வைத்துப் போடுங்கள். எல்இடி பல்பு உதவாது, பழைய பிலமென்ட் பல்புதான் வேண்டும், வீட்டில் இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் பயமில்லை. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். எது எந்த சாக்கெட் என்று முதலில் ஒரு தாளில் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.